கரண்ட் பில்லும் கம்ப்யூட்டர் போலீஸும்

எங்க அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஈ.பி. பில் கட்ட கார்டு, நெட் பேங்கிங், போன் ஆப் எதுவும் ஆகாது. காலைல பத்து மணிக்கு கவுண்டருக்குப் போய், க்யூவில நின்னு, நோட்டை எண்ணிக் கொடுத்து, ரசீதை மடிச்சு சட்டைப் பையில வெச்சாத்தான் பில் கட்டின திருப்தி. ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை எனக்கும் அவருக்கும் இதுல ஒரு சின்ன சண்டை நடக்கும். அவர்தான் ஜெயிப்பார்.

1979-ல அவர் பிராங்பர்ட்ல இருந்திருந்தா, போலீஸ் கம்ப்யூட்டர் லிஸ்ட்ல அவர் பேர் கண்டிப்பா இருந்திருக்கும். தீவிரவாதியா இருக்கலாம்னு சந்தேகப்பட வேண்டியவர்களோட முதல் லிஸ்ட்ல. ஜோக் இல்லைங்க, நிஜமாவே நடந்த கதை. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

கதை ஆரம்பிக்கிறது 1967, ஜூன் 2-ம் தேதி, மேற்கு பெர்லின்ல. ஈரான் மன்னர் ஷா வந்திருக்கார். அவருக்கு எதிரா மாணவர்கள் ஊர்வலம். அதுல கலந்துக்கிட்ட 26 வயசு பென்னோ ஓனெசோர்க்கை கார்ல்-ஹைன்ஸ் குராஸ் என்கிற போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். ஓனெசோர்க்கின் மனைவி அப்போ கர்ப்பிணி. குராஸ் மேல வழக்கு போட்டாங்க, விடுதலை ஆயிட்டார். (இதுல ஒரு விநோதம். அந்த குராஸ் கிழக்கு ஜெர்மனி உளவுத்துறைக்கு ரகசியமா வேலை பார்த்தவர்னு 2009-ல ஆவணம் கிடைச்சது. சுடச் சொன்னது அவங்கதான் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனா 42 வருஷம் கழிச்சு வந்த இந்தத் தகவல் ஜெர்மனியையே ஒரு உலுக்கு உலுக்கிடுச்சு.)

அந்தத் தலைமுறை இளைஞர்களோட கோபத்தைப் புரிஞ்சுக்க இன்னொரு விஷயமும் தெரியணும். ஹிட்லர் செத்து இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. நீதிபதி, பேராசிரியர், முதலாளி என்று பெரிய நாற்காலியில உட்கார்ந்திருந்த பலர் பழைய நாஜிக்கள். 1966-லிருந்து 69 வரை நாட்டின் சான்சலரா இருந்த கீஸிங்கரே நாஜிக் கட்சி உறுப்பினரா இருந்தவர். "போர் நடந்தப்ப நீங்க என்னப்பா பண்ணீங்க?" என்று பிள்ளைங்க கேட்டா, பல வீட்ல சாப்பாட்டு மேஜையில பதிலே வராது. அந்த மௌனத்துல வளர்ந்த கோபம் அது. கோபம் நியாயமானதுதான் என்று நான் நினைக்கிறேன். அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணாங்க என்பதுதான் பிரச்சினை.

பெரும்பாலானவங்க ஊர்வலம் போனாங்க, கட்சியில சேர்ந்தாங்க, டீச்சர் ஆனாங்க. ஒரு சின்னக் கூட்டம் மட்டும் 1968 ஏப்ரல்ல பிராங்பர்ட்ல ரெண்டு டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு நெருப்பு வெச்சது. அதுல மாட்டின ஆந்திரேயாஸ் பாடரை, 1970 மே 14-ம் தேதி, காவலோட ஒரு நூலகத்துக்குக் கூட்டிட்டு வந்தப்ப, கூட்டாளிகள் துப்பாக்கியோட புகுந்து மீட்டுட்டாங்க. அங்கே வேலை பார்த்த ஒரு சாதாரண ஊழியர் குண்டடிபட்டு படுகாயம் அடைந்தார். மீட்டவங்கள்ல ஒருத்தர் உல்ரிகே மைன்ஹோஃப், அன்னைக்கு நாடறிஞ்ச பத்திரிகையாளர். 'செம்படைப் பிரிவு', சுருக்கமா ஆர்.ஏ.எஃப்., பொறந்தது இப்படித்தான். ஏழைகளுக்காகப் போராடப் போறோம்னு கிளம்பினவங்களோட முதல் குண்டு ஒரு நூலக ஊழியர் மேல பாய்ஞ்சதை நான் ஒரு தற்செயலா பார்க்கலை. அதுக்கப்புறமும் கார் டிரைவர், பாதுகாவலர், சிப்பாய் என்று வழியில நின்னவங்களும் செத்துக்கிட்டே இருந்தாங்க. மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்ட கொலைகள்.

இப்ப நம்ம ஹீரோ (வில்லனா? நீங்களே முடிவு பண்ணுங்க) வர்றார். பேர் ஹோர்ஸ்ட் ஹெரோல்ட். நூரம்பெர்க் நகர போலீஸ் தலைவரா இருந்தப்பவே குற்றம் எங்கே, எத்தனை மணிக்கு நடக்குதுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்தி, அதுக்கேத்த மாதிரி ரோந்தை மாத்தினவர். இது அறுபதுகளின் கடைசியில! நம்ம ஊர்ல கம்ப்யூட்டர்னா என்னன்னே யாருக்கும் தெரியாத காலம். 1971-ல அவரை மத்திய குற்றவியல் போலீஸ் அலுவலகத்துக்குத் தலைவரா போட்டாங்க, வீஸ்பாடன் நகரத்துல. பத்து வருஷத்துல ஆள் பலம் மூணு மடங்கு ஆச்சு. 1972-ல இன்போல் என்று நாடு முழுக்க போலீஸ் ஸ்டேஷன்களை இணைக்கிற சிஸ்டம் வந்தது. அப்புறம் பியோஸ் என்று இன்னொண்ணு. ஆட்கள், அமைப்புகள், இடங்கள், பொருட்கள் நாலையும் ஒண்ணோடு ஒண்ணு முடிச்சுப் போட்டு வைக்கிற டேட்டாபேஸ். இன்னைக்கு கிராஃப் டேட்டாபேஸ்னு நாம பெருமையா ரெஸ்யூமேல போட்டுக்கிறோமே, ஏறக்குறைய அதே யோசனை. மெயின்ஃபிரேம்ல. பத்திரிகைகள் அவருக்கு வெச்ச பேர் 'கமிஷனர் கம்ப்யூட்டர்'.

ஆனா பாருங்க, முதல் தலைமுறை ஆர்.ஏ.எஃப். மாட்டினது கம்ப்யூட்டர்ல இல்லை. 1972 மே மாசம் வரிசையா குண்டு வெச்சாங்க. ஹைடல்பெர்க்ல மட்டும் மூணு அமெரிக்க சிப்பாய்கள் செத்தாங்க. மாசக் கடைசியில ஹெரோல்ட் நாடு முழுக்க ஹெலிகாப்டரோட ஒரே நாள்ல பெரிய சோதனை நடத்தினார். தண்ணியில ஓங்கி அடிச்சா மீன் நகரும் என்கிற கணக்கு. மறுநாள் ஜூன் 1-ம் தேதி பாடர் பிராங்பர்ட்ல ஒரு கார் ஷெட்ல மாட்டினார். அந்த ஷெட் பத்தி முன்னாடியே தகவல் வந்து, போலீஸ் உள்ளே இருந்த வெடிமருந்தை எடுத்துட்டு ஒண்ணுக்கும் உதவாத பொடியை வெச்சுட்டுக் காத்திருந்தாங்க. அடுத்த வாரம் குட்ருன் என்ஸ்லின் ஹாம்பர்க்ல ஒரு துணிக்கடையில. அவர் கழட்டி வெச்ச ஜாக்கெட் கனமா இருக்கேன்னு கடைப்பெண் தொட்டுப் பார்த்தா உள்ளே துப்பாக்கி. மைன்ஹோஃபைக் காட்டிக் கொடுத்தது ஒரு ஸ்கூல் வாத்தியார். அவரே இடதுசாரிதான். ஆக மூணுமே அக்கம்பக்கத்து சாதாரண ஜனங்களோட கண்ணும் மனசாட்சியும் செஞ்ச வேலை.

தலைவர்கள் உள்ளே போயாச்சு, கதை முடிஞ்சது என்று எல்லாரும் நினைச்சாங்க. அதுக்கப்புறம்தான் மோசமான காலமே வந்தது. ஜெயில்ல உண்ணாவிரதம், 1974-ல ஹோல்கர் மைன்ஸ் சாவு, எலும்பும் தோலுமா இருந்த அவரோட போட்டோ. அதைப் பார்த்து உள்ளே வந்தவங்கதான் ரெண்டாம் தலைமுறை. அவங்களுக்கு வியட்நாம், புரட்சி எல்லாம் ரெண்டாம்பட்சம். ஜெயில்ல இருக்கிற தலைவர்களை வெளியே கொண்டு வரணும், அவ்வளவுதான். ஒரு இயக்கம் தன்னோட கைதிகளுக்காக மட்டுமே வாழ ஆரம்பிச்சா, அதுக்கு ஊரைப் பத்தின கவலை போயிடுது.

1977. ஏப்ரல்ல தலைமை அரசு வழக்கறிஞர் பூபாக் கொலை. ஜூலைல வங்கித் தலைவர் பொன்டோ. அவர் வீட்டுக் கதவு திறந்ததுக்குக் காரணம், வந்தவங்கள்ல ஒருத்தி குடும்ப நண்பரோட பொண்ணு, சூசன்ன ஆல்பிரெக்ட். செப்டம்பர் 5 மாலை, கொலோன் நகரத்துல முதலாளிகள் சங்கத் தலைவர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லெயரோட காரை மறிச்சு, டிரைவரையும் மூணு போலீஸ்காரர்களையும் சுட்டுத் தள்ளிட்டு அவரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஷ்லெயர் ஹிட்லர் காலத்துல எஸ்.எஸ். படை அதிகாரி. அதனாலேயே அவர் மேல பல பேருக்கு இரக்கம் வரலை. எனக்கும் முதல்ல வரலை, ஒத்துக்கறேன். கடத்தினவங்க எடுத்த வீடியோவுல அந்த மனுஷன் முகம் வாரா வாரம் எப்படி மாறுதுன்னு பார்த்த பிறகு அப்படி இருக்க முடியலை.

இங்கேதான் ஒரு சாப்ட்வேர்காரனா எனக்கு வயித்தைக் கலக்கின பகுதி வருது.

எந்த மாதிரி வீட்ல ஒளிச்சு வெச்சிருப்பாங்கன்னு ஹெரோல்ட் ஆட்கள் துல்லியமா கணிச்சுட்டாங்க. நெடுஞ்சாலை பக்கம் இருக்கணும். யாருக்கும் யாரையும் தெரியாத அடுக்குமாடி. கீழே கார் நிறுத்துற இடத்துல இருந்து லிஃப்ட்ல நேரா மேலே போகணும். சமீபத்துல வாடகைக்கு எடுத்திருக்கணும். காசை ரொக்கமா கொடுத்திருக்கணும். இந்த மாதிரி வீடுகளைத் தேடச் சொல்லி சுத்துவட்டார போலீஸுக்கெல்லாம் உத்தரவு போச்சு.

கொலோனுக்குப் பக்கத்துல எர்ஃப்ட்ஸ்டாட் என்கிற ஊர். அங்கே ஒரு லோக்கல் போலீஸ்காரர் ரெண்டே நாள்ல அந்த வீட்டைக் கண்டுபிடிச்சுட்டார். ஜூலைல வாடகைக்கு வந்த ஒரு பொண்ணு, முன்பணம் 800 மார்க்கைக் கைப்பையில இருந்த நோட்டுக்கட்டுல இருந்து எடுத்துக் கொடுத்தாளாம். அவர் எழுதி மேலே அனுப்பினார். செப்டம்பர் 9-ம் தேதி டெலக்ஸ்ல, வேற சில முகவரிகளோட சேர்ந்து, அது கொலோனுக்குப் போச்சு. போன இடத்துல காணாமப் போச்சு.

ஆமாம், காணாமப் போச்சு. ஷ்லெயர் அந்த வீட்ல அப்போ உயிரோட இருந்தார். வாடகை ஒப்பந்தத்துல இருந்த பெயரை ஒரே ஒரு தடவை கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்திருந்தா போதும். அது ஏற்கனவே பியோஸ்ல இருந்த பெயர். அடையாள அட்டை தொலைஞ்சு போச்சுன்னு திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பெண்ணோட பெயர். உலகத்துலேயே நவீனமான போலீஸ் கம்ப்யூட்டர் வீஸ்பாடன்ல ரெடியா உட்கார்ந்திருக்கு. அதுக்குத் தேவையான ஒரு வரி கொலோன்ல ஏதோ ஒரு டிரேல கிடக்குது. கொலோன் போலீஸ் தனி, மத்திய அலுவலகம் தனி, நடுவுல ஒருங்கிணைப்புக் குழு தனி. யார் எதுக்குப் பொறுப்பு என்பதே தெளிவில்லை. சுமார் பத்து நாள் கழிச்சு கடத்தல்காரங்க அவரை ஹேக் நகரத்துக்கு மாத்திட்டாங்க, அப்புறம் பிரஸ்ஸல்ஸ்.

"அந்த மெயில் உங்களுக்குத்தான் வந்தது", "இல்லை, நான் சிசில இருந்தேன், நீங்கதான் பார்க்கணும்". இந்த வசனத்தை நம்ம ஆபீஸ்ல எத்தனை தடவை கேட்டிருப்போம்? நமக்கு அதுல போறது ஒரு ரிலீஸ். அங்கே போனது ஒரு உயிர்.

மிச்சக் கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அக்டோபர் 13-ம் தேதி ஸ்பெயினோட மயோர்கா தீவுல இருந்து கிளம்பின லுஃப்தான்ஸா விமானத்தைப் பாலஸ்தீனக் குழு ஒண்ணு கடத்துச்சு, அதே கைதிகளை விடுவிக்கச் சொல்லி. ஏடன்ல கேப்டன் ஷூமானைச் சுட்டுக் கொன்னாங்க. 18-ம் தேதி நடுராத்திரி தாண்டி, சோமாலியாவோட மொகதிஷுல ஜெர்மன் அதிரடிப்படை உள்ளே புகுந்து மிச்சமிருந்த பயணிகள் எல்லாரையும் உயிரோட மீட்டுச்சு. அதே ராத்திரி ஸ்டாம்ஹைம் ஜெயில்ல பாடர், என்ஸ்லின், ராஸ்பே மூணு பேரும் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. மறுநாள் பிரான்ஸ் எல்லையோரம் மியூலூஸ்ல ஒரு ஆடி கார் டிக்கியில ஷ்லெயரோட உடல். அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடிதான் அவரோட மகன், கைதிகளைக் கொடுத்துட்டு அப்பாவை மீட்கச் சொல்லி அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போய்த் தோத்திருந்தார். அரசு கொலைகாரங்களுக்குப் பணியக் கூடாது என்கிற கொள்கை சரிதான். அந்தச் சரியோட விலையை அந்தக் குடும்பம் கொடுத்துச்சு.

டெலக்ஸ் விவகாரத்தை ஹெரோல்டால ஜீரணிக்க முடியலை. அவர் எடுத்துக்கிட்ட பாடம், மனுஷன் கையில இருக்கிற காகிதத்தை நம்பக் கூடாது, டேட்டா எல்லாமே மெஷின்ல வரணும் என்பது. கரண்ட் பில் வர்றது இங்கேதான்.

அவர் யோசிச்சது இப்படி. தலைமறைவா இருக்கிறவன் பொய்ப் பேர்ல வீடு எடுப்பான். பொய்ப் பேர்ல பேங்க் கணக்கு ஆரம்பிக்கிறது கஷ்டம். அதனால கரண்ட் பில்லை ரொக்கமா கட்டுவான். பிராங்பர்ட்ல அப்படிக் கட்டுறவங்க லிஸ்ட்டை மின் நிறுவனத்துக்கிட்ட வாங்கினாங்க. சுமார் 18,000 பேர். இப்ப இவங்கள்ல நிஜமான ஆட்களைக் கழிக்கணும். நகரசபையில பதிவு பண்ணினவங்க அவுட். கார் வெச்சிருக்கிறவங்க அவுட். பென்ஷன் வாங்குறவங்க, கல்வி உதவித்தொகை வாங்குறவங்க, வீட்டுக்கு நெருப்பு இன்ஷூரன்ஸ் எடுத்தவங்க எல்லாம் அவுட். எஸ்.க்யூ.எல். தெரிஞ்சவங்களுக்கு ஒரே வார்த்தையில சொல்லணும்னா 'நாட் இன்', திரும்பத் திரும்ப 'நாட் இன்'. கடைசியில மிஞ்சினது ரெண்டு பொய்ப் பேர். ஒருத்தன் போதை மருந்து வியாபாரி. இன்னொருத்தர் ரோல்ஃப் ஹைஸ்லர், ஆர்.ஏ.எஃப்.-ல தேடப்பட்டவர். 1979 ஜூன் 9-ம் தேதி அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சப்ப போலீஸ் தலையில சுட்டும் பிழைச்சுக்கிட்டார்.

இதை முதல் தடவை படிச்சப்ப நான் விசில் அடிச்சேன். நிஜமா. எவ்வளவு அழகான லாஜிக்! அப்பாவிகளைத் தேடிக் கண்டுபிடிச்சு அழிச்சுடு, மிச்சம் இருக்கிறவன் குற்றவாளி. ஹெரோல்டும் இதைத்தான் பெருமையா சொன்னார், அப்பாவிகளோட டேட்டா எல்லாம் அழிஞ்சு போகுது, யாருக்கு என்ன நஷ்டம் என்று.

அப்புறம் ராத்திரி படுத்தா தூக்கம் வரலை. போன வருஷம் எங்க டீம்ல சந்தேகத்துக்கிடமான பணப் பரிமாற்றத்தைப் பிடிக்கிற ஒரு மாட்யூலுக்கு நானும் ரூல் எழுதினேன். நான் எழுதின ஒரு ரூல்ல ஒரு பழக்கடைக்காரர் மாட்டினார். திருவிழா சீசன்ல அவருக்கு ரொக்கமா காசு நிறைய வரும், அவ்வளவுதான் அவர் செஞ்ச தப்பு. நாலு நாள் கணக்கு முடங்கிப் போச்சு. லாரிக்காரனுக்குப் பணம் கொடுக்க முடியாம சரக்கு அழுகிடுச்சாம். எனக்கு அது டிக்கெட் நம்பரா வந்தது, ரெண்டு வரி கமென்ட்டோட. 'ஃபால்ஸ் பாசிட்டிவ், த்ரெஷோல்ட் மாத்தப்பட்டது' என்று எழுதி மூடிட்டு காபி குடிக்கப் போயிட்டேன்.

ஜெர்மனியில இந்தக் கேள்வி வீதிக்கு வந்தது. 1983-ல மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எதிரா பெரிய எதிர்ப்பு கிளம்பி, டிசம்பர் 15-ம் தேதி அரசியல் சாசன நீதிமன்றம், ஒருத்தரோட தகவல் எங்கே எப்படிப் பயன்படணும்னு முடிவு பண்ற உரிமை அவருக்கே உண்டுன்னு தீர்ப்பு சொன்னது. இன்னைக்கு பிரைவசி பாலிசின்னு நாம படிக்காம 'ஐ அக்ரீ' அமுக்குறோமே, அதுக்கெல்லாம் பாட்டி இந்தத் தீர்ப்பு.

இன்னொண்ணும் நடந்தது. வழி தெரிஞ்சதும் எதிராளி மாறிட்டான். எண்பதுகள்ல வந்த மூணாம் தலைமுறை ஏறக்குறைய தடயமே விடலை. 1989-ல டாய்ச்ச பேங்க் தலைவர் ஹெர்ஹவுஸன், 1991-ல ரோவெடர், இந்தக் கொலைகளைச் செஞ்சது யார் என்று இத்தனை வருஷம் கழிச்சும் நிரூபிக்கலை. வலை போட்டுத் தேடினதுல பெருசா மாட்டினதுன்னு சொல்ல ஹைஸ்லர் ஒருத்தர்தான். 2001 செப்டம்பர் 11-க்கு அப்புறம் அதே வலையைத் தூசி தட்டி எடுத்தாங்க. இந்தத் தடவை ரூல் என்ன தெரியுமா? 18-லிருந்து 40 வயசு ஆண், மாணவர் அல்லது முன்னாள் மாணவர், முஸ்லிம், குறிப்பிட்ட சில நாடுகள்ல பிறந்தவர். ஒரே ஒரு மாநிலத்துல மட்டும் 52 லட்சம் பேர் டேட்டாவை எடுத்து அலசினாங்க. நாடு முழுக்க சுமார் 32,000 பேர் சந்தேக லிஸ்ட்ல வந்தாங்க. மாட்டின தீவிரவாதி பூஜ்யம். மொராக்கோ மாணவர் ஒருத்தர் வழக்குப் போட்டு, 2006-ல நீதிமன்றம் குறிப்பான ஆபத்து இல்லாம இதைச் செய்யக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுச்சு. ஹெரோல்டோட வலையில இருந்தது பில் கட்டுற பழக்கம். இதுல இருந்தது பிறப்பும் மதமும். என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே டெக்னிக் கிடையாது, பேர்தான் ஒண்ணு.

அப்போ ஆர்.ஏ.எஃப். எப்படித்தான் முடிஞ்சது? சத்தமில்லாத விஷயங்கள்ல. பத்து பேர் இயக்கம் வெறுத்துப் போய் கிழக்கு ஜெர்மனியில வேற பேர்ல வேலைக்குப் போய், குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தது 1990-ல வெளிய வந்தது. பொன்டோ வீட்டுக் கதவைத் திறக்க வெச்ச சூசன்னவும் அதுல ஒருத்தர். 1992 ஜனவரியில சட்ட அமைச்சர் கிங்கெல், ரொம்ப வருஷம் உள்ளே இருந்த கைதிகளை முன்கூட்டியே விடலாம்னு பேசினார். கைதிகளுக்காகவே நடந்த இயக்கத்துக்கு அது அடிமடியில கை வெச்ச மாதிரி. ஏப்ரல்ல இனி ஆட்களைக் கொல்ல மாட்டோம்னு கடிதம் வந்தது. 1998 ஏப்ரல்ல கலைச்சுட்டோம்னு இன்னொரு கடிதம். செத்தவங்க குடும்பத்துக்கிட்ட மன்னிப்புன்னு அதுல ஒரு வரி இல்லை. அப்பாவைச் சுட்டது யார்னு தெரிஞ்சுக்க பூபாக்கோட மகன் பல வருஷம் அலைஞ்சார். தெரிஞ்சவங்க யாரும் வாய் திறக்கலை.

ஹெரோல்ட் 1981-லேயே பதவியை விட்டாச்சு. கொலை மிரட்டல் காரணமா ரோசன்ஹைம்ல எல்லைக் காவல்படை முகாமுக்குள்ள வீடு கட்டிக்கிட்டு, சுத்தி வேலிக்கு நடுவுல வாழ்ந்தார். தன்னை ஆர்.ஏ.எஃப்.-போட கடைசிக் கைதின்னு சொல்லிக்குவாராம். 2018-ல இறந்துட்டார்.

2024 பிப்ரவரியில ஒரு செய்தி. முப்பது வருஷத்துக்கும் மேல தலைமறைவா இருந்த தானியேலா க்ளெட்டே பெர்லின்ல ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்ல கைது. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் நாயோட வாக்கிங் போற அம்மாவாத்தான் தெரியும். போலீஸுக்கு உதவினது பொதுமக்கள்கிட்ட இருந்து வந்த துப்பு என்று சொன்னாங்க. அதுக்குச் சில மாசம் முன்னாடியே ஒரு ஆடியோ தொடருக்காகத் தேடின பத்திரிகையாளர், அவரோட பழைய போட்டோவை முகம் தேடுற வெப்சைட் ஒண்ணுல போட்டு, பெர்லின் நடனக் குழு படத்துல அவர் முகத்தைப் பிடிச்சிருந்தார். அந்த மாதிரி வெப்சைட்டை நாங்க பயன்படுத்த சட்டத்துல இடம் இல்லைன்னு போலீஸ் தரப்புல புலம்பல். உடனே அதைக் கொடுக்கலாமா வேண்டாமான்னு பெரிய விவாதம். 1979-ல விட்ட இடத்துல இருந்து அப்படியே.

எங்க ஆபீஸ்ல வர்ற வாரம் புது ரூல்களுக்கான மீட்டிங். லிஸ்ட்ல எட்டாவதா 'தொடர்ந்து ரொக்கப் பரிவர்த்தனை' என்று ஒரு வரி இருக்கு. மாட்டினவர் யார்கிட்ட போய் முறையிடணும், எத்தனை மணி நேரத்துல பதில் வரணும் என்று ஒரு காலம் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போறேன். மேனேஜர் என்ன சொல்வார்னு இப்பவே காதுல விழுது :-) பேங்க், இன்ஷூரன்ஸ் சாப்ட்வேர்ல இருக்கிற பதிவர்கள் யாராவது இதை எப்படிச் சமாளிச்சீங்கன்னு பின்னூட்டத்துல சொன்னீங்கன்னா புதன்கிழமைக்குள்ள எனக்கு உதவியா இருக்கும்.